ஏகாம்பரம் இருக்கிறாரா என்று கேட்கப் போனது

போன மாதம் என் மருமகள் ஒரு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, போனைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேர் கேட்டது, பான் கார்டைக் காட்டச் சொன்னது, முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினாள். "நன்றி" என்றது. பால் பொங்குவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

"அவ்ளோதானாம்மா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான் மாமா. இதுக்கா நீங்க காலம் பூரா வண்டியில சுத்துனீங்க?"

இதற்குத்தான் சுற்றினேன். ஆள் இருக்கிறாரா, எழுதிக் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறாரா, அந்தப் பேர் அவருடைய பேர்தானா, இதைப் போய்ப் பார்த்து வந்து எழுதுவது என் வேலை. வெரிஃபிகேஷன் என்பார்கள். இப்போது அந்த வேலையே பாதி இல்லாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பதைச் செய்கிற பையன்கள் என்னை எங்காவது டீக்கடையில் பார்த்தால், "அண்ணே, நீங்க பாத்த கேஸ்ல பேஜாரான கேஸ் எது?" என்று கேட்பார்கள். ஏமாற்றுக்காரன் யாரையாவது பிடித்த கதையைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். அதை வாயால் சொன்னால் சிரிப்பாகப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். செங்கல்பட்டில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தேன், லாட்ஜில் ரூம் பாயாக இருந்தேன், கூரியர் தூக்கினேன். கூரியரில் எல்லாத் தெருவும் பழகிப்போனதால் வெரிஃபிகேஷன் ஏஜென்சியில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைப் போன்ற பயந்தவனுக்கு ஏற்ற வேலை இல்லை அது. எனக்கு எல்லாவற்றுக்கும் கவலை. பேனா எழுதாமல் போய்விடுமோ என்று பையில் இரண்டு பேனா வைத்திருப்பேன், அந்த இரண்டும் எழுதாமல் போய்விடுமோ என்று சட்டைப் பையில் இன்னொன்று. வண்டியை எங்கே நிறுத்தினாலும் வந்த வழி பார்த்துத் திருப்பித்தான் நிறுத்துவேன். ஓட வேண்டி வந்தால் ஓட வேண்டும் அல்லவா.

வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் தெருமுனையில் கேட்க வேண்டும். பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும்: ஓட்டுக் கூரையா, கான்கிரீட்டா, தரை சிமெண்டா டைல்ஸா, வாசலில் என்ன வண்டி. பிறகு வாசலில் நின்றபடியே விண்ணப்பத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் போட வேண்டும், நம் கண் முன்னால் அந்தப் போன் அடிக்க வேண்டும். ஆளைப் படம் எடுக்க வேண்டும். கடைசியாக அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். இதில் முக்கியமான விதி, எதற்காகக் கேட்கிறோம் என்பதை மூன்றாவது மனிதரிடம் சொல்லவே கூடாது. ஒருவர் கார்டு கேட்டிருக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். "சும்மா ஒரு விசாரணை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எல்லாம் எழுதி அனுப்பிய பிறகு கார்டு வந்ததா வரவில்லையா என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

எங்கள் மேனேஜர் ரெஜினா மேடம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆபீஸ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாம் எழுதிக்கொண்டு போனதை நம் முன்னாலேயே வாய்விட்டுப் படிப்பார், யாரோ எழுதியதைப் போல. படித்துவிட்டு, "இத நீ பாத்தியா, நெனச்சியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் அடுத்த வரிக்குப் போவார். யோசித்தால் பேனாவை நம் பக்கம் நீட்டுவார். இன்னொன்றும் சொல்லிக்கொண்டே இருப்பார்: "பேர நீ சொல்லாத. ஆளக் காட்டி 'இவர் ஏகாம்பரமா'ன்னு கேட்டா எவனும் தலையாட்டுவான். 'இவர் யாரு'ன்னு கேளு. பேர் அவங்க வாயில இருந்து வரணும்."

விலாசம் தேடிப் போகிறவனுக்கு விசித்திரமான இடங்களெல்லாம் வாய்க்கும். வேடந்தாங்கல் பக்கம் ஒரு முகவரி தேடிப் போனேன். முன் நம்பர் இருந்தது, பின் நம்பர் இருந்தது, நடுவில் ஒரு நிலைவாசல் மட்டும் தனியாக நின்றது, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பறவை எச்சம். கடற்கரைச் சாலையில் ஒரு புது அடுக்குமாடிக்குப் போனேன். கதவுக்குக் கதவு பேர்ப்பலகை, செருப்பு ஸ்டாண்டில் செருப்பு, ஆனால் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பெல்லை அழுத்தினால் எட்டு வீட்டிலும் ஒரே பாட்டு அடிக்கிறது. அங்கெல்லாம் வியர்த்திருக்கிறது எனக்கு. ஆனால் அவை ஆள் இல்லாத இடங்கள். ஏகாம்பரத்தின் தெருவில் ஆள் இருந்தார்.

ஏகாம்பரம் என்பவரின் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே மேடம், "இது விழுந்து எழுந்த கேஸு. பாத்துப் போ" என்றார். விழுந்து எழுந்த கேஸ் என்றால், முன்பு கார்டு வாங்கிக் கட்ட முடியாமல் போய், கிரெடிட் ஸ்கோர் பாதாளத்துக்குப் போய், அப்புறம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து, இப்போது புதிதாக விண்ணப்பித்திருப்பவர். இப்படிப்பட்டவர்களை பேங்க்காரர்கள் நம்பவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். ஆளை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள்.

கல்பாக்கம் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். பேர் வேண்டாம். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. காற்று அடிக்காவிட்டாலும் தோப்பில் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. நல்ல உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எனக்கு நாய் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் வயதானவர், கையில்லாத பனியன் போட்டிருந்தார். அவர் பேர் கன்னியப்பன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வண்டியை நிறுத்தி, "ஏகாம்பரம் வீடு எதுங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"செத்துட்டாரு" என்றார்.

"எப்ப?"

"அது ஆச்சு, நாளாச்சு."

சொன்ன விதத்தில் துக்கமும் இல்லை, பொய் சொல்கிறவனின் அவசரமும் இல்லை. தண்ணி லாரி போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். இப்படி நடப்பதுண்டு. விண்ணப்பித்துவிட்டு இறந்துபோனவர்கள் உண்டு. ஆனால் இந்த விண்ணப்பம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதோ நாளாச்சு.

கதவு நம்பரைப் பார்த்துக்கொண்டே போய் வீட்டைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பக்கத்து வாசலில் ஒரு அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். தனபாக்கியம் என்று பேர். அவரிடம் கேட்டேன். கழுவுவதை நிறுத்தாமலே, "அவரா? பூட்டாரே. போஸ்டர்லாம் அடிச்சி ஒட்டனாங்களே, பாக்கல நீ?" என்றார். அவர் முகவாயால் காட்டிய திசையில் ஓர் ஆட்டுக் கொட்டகை. அதன் கூரைமேல் பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். வெயிலில் வெளுத்துப்போன 'கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழே ஒரு மீசைக்காரரின் முகம், வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது. என் கையிலிருந்த விண்ணப்பத்தில் ஒட்டியிருந்ததும் அதே முகம்.

அப்போதே திரும்பியிருக்கலாம். இரண்டு அக்கம்பக்கமும் ஒரே சொல் சொல்லிவிட்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. வீட்டைப் பார்க்காமல் எழுதினால் மேடம் பேனாவை நீட்டுவார். போனேன்.

கதவு திறந்திருந்தது. ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா வந்து நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. நடு ஹாலில் அதே மீசைக்காரரின் படம், பிளாஸ்டிக் சந்தன மாலை, முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னா சார், எத்தினி வாட்டி சொல்றது? அவரு இல்ல சார்" என்று படத்தைக் காட்டினார்.

என்ன செய்வதென்று தெரியாதபோது முறைப்படி அடுத்தது என்னவோ அதைச் செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்குள் போன் அடித்தது. படம் மாட்டியிருந்த சுவருக்குப் பின்னாலிருந்து அடித்தது. அந்த அம்மா அசையவில்லை. பிறகு சத்தம் நின்றது, என் காதில் ஒரு ஆண் குரல்:

"அலோ, யாரு?"

"ஏகாம்பரம் சாருங்களா?"

"ஆமா சார், சொல்லுங்க. வூட்லதான் கீறேன். நீங்க எங்க கீறீங்க?"

நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளறைத் திரை விலகியது. போனைக் காதில் வைத்தபடி, படத்தில் இருந்தவர் வெளியே வந்தார். மீசை மட்டும் நரைத்திருந்தது. மனைவியைப் பார்த்து, "அய்ய, நான் சொல்லிகினே கீறேன், பேங்க்ல இருந்து ஆள் வருவாருன்னு. இவர்கிட்டயும் சாவடிச்சிட்டியா என்ன?" என்றார்.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "பைய பாத்ததும் வாயில அதான் வருது. நான் இன்னா பண்ணுவேன்?"

சிரித்திருக்க வேண்டிய இடம். நான் சிரிக்கவில்லை. படம் எடுக்க வேண்டுமே என்று போனை நீட்டினேன். எங்கள் ஆப்பில் ஆளின் முகத்தைக் கண்டுபிடித்து ஒரு மஞ்சள் சதுரம் சுற்றிக்கொள்ளும். அது ஏகாம்பரத்தைத் தாண்டிப் போய், அவர் தோளுக்கு மேலே, மாலை போட்ட படத்தின் முகத்தில் போய் உட்கார்ந்தது. அவரை நகர்ந்து நிற்கச் சொன்னேன். நகர்ந்தார். சதுரம் படத்தை விட்டு வரவில்லை. படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கும், அவர் இருட்டில் நின்றிருப்பார் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அப்போது அப்படிச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. லொகேஷன் புள்ளியும் சரியில்லை. மேப்பில் எங்கள் இருவரையும் கடலுக்குள் காட்டியது.

வாசலுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"செத்தவன் பேப்பர வச்சிகினு அண்ணன் தம்பி எவனாவது நிக்கிறானா?"

"அதே மூஞ்சி மேடம்."

"அண்ணன் தம்பிக்கு அதே மூஞ்சிதானே இருக்கும்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி ஹாலைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே நின்று அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குடும்பத்தில் யார் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மேடம் சொன்னார்: "ரெண்டு பேர் வாயில இருந்து அவன் பேர் வரணும். வந்தா பாசிட்டிவ். வரலன்னா, தெரு இன்னா சொல்லிச்சோ அதத்தான் நீ எழுதணும். இறந்துட்டார்னு எழுதிட்டா பேங்க் கம்ப்யூட்டர்லயும் ஆள் காலி, பாத்துக்கோ. பொழுது சாயறதுக்குள்ள அனுப்பு."

இதை அப்படியே ஏகாம்பரத்திடம் சொன்னேன். விண்ணப்பித்தவரிடம் சொல்லத் தடை இல்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னதுதான் இது.

மகாபலிபுரத்துக்கு வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு வேன் ஓட்டியிருக்கிறார். கொரோனா நோய்க்காலத்தில் வண்டி நின்றது. வண்டித் தவணையைக் கார்டில் எடுத்துக் கட்டி, அந்தக் கார்டை வேறு கார்டில் எடுத்துக் கட்டி, ஒரு நாள் எல்லாம் சேர்ந்து சரிந்தது. வசூல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பையும் பைக்கும், "ஏகாம்பரம் வீடு எது" என்ற கேள்வியும். நான் கேட்டதும் அதே கேள்விதான். எதற்கென்று சொல்லாமல் கேட்பதும் அதே மாதிரிதான்.

தெரு அவரைக் காப்பாற்றப் பார்த்தது. ஊரில் இல்லை என்றார்கள், வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஒரு நாள் கன்னியப்பன் எரிச்சலில், "செத்துட்டாம்பா, போ" என்று சொல்ல, வந்தவர்கள் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அது வேலை செய்கிறது என்று தெரிந்ததும் தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. ஃபிளெக்ஸ் அடித்தார்கள். படத்துக்கு மாலை போட்டார்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் மல்லிகா பொட்டை அழித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அழித்து அழித்து, வைப்பதையே விட்டுவிட்டார்.

"நான் ரிசார்ட்ல ஏசி வேலைக்குப் போய்கினு இருந்தேன். தோப்பு வழியா வருவேன், போவேன். எவனும் என்னப் பாக்க மாட்டான் சார். பாத்தா வெளியாளுக்குத் தெரிஞ்சிடும்னு. மொதல்ல எனக்காகத்தான் பாக்கல. அப்பறம் பாக்காமயே பழகிட்டாங்க. கோயில் திருவிழாவுக்கு எங்க வூட்ல அரை வரிதான் வாங்கினாங்க, ஆம்பள இல்லாத தலைக்கட்டுன்னு. நான் உள்ள உக்காந்து கேட்டுகினு இருந்தேன்."

அதற்குள்ளேதான் அவர் ஸ்கோரைத் தூக்கியிருக்கிறார். பழைய பாக்கியை முழுக்கக் கட்டி, பாக்கி இல்லை என்று பேப்பர் வாங்கினார். பேங்க்கில் கொஞ்சம் டெபாசிட் போட்டு அதன் மேல் ஒரு சின்னக் கார்டு. கேஸ் சிலிண்டருக்கும் போன் ரீசார்ஜுக்கும் மட்டும் தேய்ப்பார், பில் வந்த அன்றே கட்டுவார். அவசரப்பட்டு நாலு இடத்தில் விண்ணப்பித்தால் ஸ்கோர் மறுபடி இறங்கும் என்று ஒருத்தர் சொன்னதால் பொறுத்திருந்து, இந்த ஒரே இடத்தில் மட்டும் போட்டிருக்கிறார்.

"கார்டு கெடக்குது சார்" என்றார். "எம் பொண்ணுக்கு செய்யூர்ல இருந்து மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்க. படத்து மேல துணியப் போட்டு மறச்சி வச்சிருந்தோம், நல்லா பேசிட்டுத்தான் போனாங்க. போறப்ப முனை கடையில விசாரிச்சிருக்காங்க. செத்துட்டாருன்னு சொல்லிட்டாங்க. அப்பன் செத்துட்டான்னா நடு வூட்ல உக்காந்து எங்களுக்கு டீ குடுத்தது எவன்னு கேட்டு அனுப்பனாங்க."

மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திருப்பியும் ஒரு வாட்டி விசாரிக்க ஆள் அனுப்புறோம்னு இருக்காங்க. நான் வூடு வூடா போய்ச் சொல்லிட்டேன், கடன் தீந்துடிச்சி, இனிமே சொல்லாதீங்கன்னு. தலையாட்றாங்க. புது ஆளப் பாத்தா வாயில அதான் வருது. இவளுக்கே வருதே! ஒருத்தராவது வெளியாள் முன்னாடி நான் இருக்கேன்னு சொல்லிட்டா, அப்பறம் மத்தவங்களுக்கும் வாய் வரும் சார்."

"இந்தப் படத்தை இறக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மாட்டிட்டோம்" என்றார் மல்லிகா சுவரைப் பார்த்தபடியே. "எறக்கறதுக்குக் கை வரல. எறக்குனா எதனா ஆயிடுமோன்னு."

மல்லிகாவே போய் தனபாக்கியத்தைக் கூட்டி வந்தார். மீன் வாசனைக் கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தார். நான் ஏகாம்பரத்தைக் காட்டி, "இவர் யாருங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார். ஏகாம்பரத்தின் பக்கம் பார்வை போகவே சிரமப்பட்டது. கழுத்து திரும்பாத மாதிரி.

"சொல்லு தனம், இவரு கார்டுக்கு வந்தவரு. வசூல் ஆள் இல்ல" என்றார் மல்லிகா.

"அய்ய! அத மொதல்லயே சொல்றதுக்கின்னா? மூஞ்சப் பாரு, ஊமக்கோட்டான் மாதிரி வந்து நின்னுகினு!" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார். நெடுநாள் ஊரில் இல்லாதவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏகாம்பரண்ணன். வேன் ஓட்டிகினு இருந்தாரே. இன்னாண்ணாத்த, இப்டி எளச்சிட்டே?"

ஒன்று ஆயிற்று. மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் ரிசார்ட் வேலைக்கும் கல்பாக்கத்துக்கும் போயிருந்தார்கள். பகலில் தெருவில் இருப்பது கன்னியப்பன் ஒருவர்தான்.

"அவரு சொல்ல மாட்டாரு" என்றார் தனபாக்கியம் மெதுவாக. "ஃபிளெக்ஸ் கட்டன மாசமே அவரு தம்பி சேகரு செத்துட்டாரு. நல்லா இருந்தவரு. மார்வலின்னு உக்காந்தாரு, அவ்ளோதான்."

நான் தனியாகத்தான் போனேன். முறைப்படி விண்ணப்பித்தவர் கூட வரக்கூடாது. கடையில் நிழல் விழுந்திருந்தது. கன்னியப்பன் என்னைப் பார்த்ததும், "இன்னும் போவலியா நீ?" என்றார்.

"அங்க ஒருத்தர் இருக்காருங்க. அவர் யாருன்னு நீங்க சொல்லணும்."

"எவனும் இல்ல அங்க."

"நான் பேசிட்டு வரேங்க."

அவர் கடலை மிட்டாய் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார். இறுகின பிறகும் இறுக்கினார்.

"நான்தான் மொதல்ல சொன்னேன், செத்துட்டான்னு" என்றார். "சும்மா வாய்வார்த்தையா. இந்தத் தெருவுல ஒரு சாவுன்னு நான் சொல்லிட்டேன். சொன்னா வராம பூடுமா? வந்துது. தேடிகினு வந்துது. அவன் பேர்லதான் ஏற்கெனவே ஃபிளெக்ஸ் கட்டி மாலையும் போட்டாச்சே, அவன வுட்டுட்டு பக்கத்துல இருந்தவனத் தூக்கினு பூட்டுது. இப்ப அவன் இருக்கான்னு நான் சொன்னா, அப்ப என் தம்பி யாருக்குப் பதிலு செத்தான்?"

எந்தக் காகிதத்திலும் அதற்குப் பதில் இல்லை. பகல் மூன்று மணி வெயில். தோப்பு இரைந்துகொண்டிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், தெரு சொன்னதை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது கன்னியப்பனின் கண் எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். தெரு நடுவில் ஏகாம்பரம் வந்துகொண்டிருந்தார். தோப்பு வழியாக அல்ல, தெரு வழியாக. காலில் செருப்பில்லை, மண் கொதிக்கிறது, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தபடி வந்தார். கடைக்கு முன்னால் வந்து நின்றார். கன்னியப்பன் மறுபடி பாட்டில் மூடியைப் பிடித்துத் திருகினார். ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே ஒரு காலை மாற்றி இன்னொரு காலை வைத்தார், மறுபடி மாற்றினார்.

"ஏண்டா!" என்று கன்னியப்பன் கத்தினார். "அறிவு கெட்டவனே! கால் வெந்து பூடும்டா, இந்த வெயில்ல செருப்பில்லாம வந்து நிக்கிற! நிழல்ல வந்து நில்லுடா!"

நான் வேலையைச் செய்தேன். "யாரைங்க திட்டுறீங்க?"

"இவனத்தான்! ஏகாம்பரத்த!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்குக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும், ஏனென்று தெரியாமல், தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பேரைக் கேட்டுவிட்டு யாராவது வருகிறார்களா என்பது போல. சவுக்குத் தோப்பின் நடுவில் ரோடு வெறிச்சென்று கிடந்தது. யாரும் வரவில்லை.

ஏகாம்பரம் கடையின் ஓலை நிழலுக்குள் வந்து நின்றார்.

நான் பலகைமேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தேன். அக்கம்பக்கம் இரண்டு, பேர் கன்னியப்பன், பெட்டிக்கடை, விண்ணப்பதாரரைப் பேர் சொல்லி அடையாளம் காட்டினார். கன்னியப்பன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இருக்கான்னு எழுதறியா?"

"ஆமாங்க."

"அப்ப என் தம்பியையும் எழுது."

அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. கீழே 'குறிப்பு' என்று கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். மேடம் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை இருந்தது. என்றாலும் எழுதினேன். எங்கள் காகிதத்தில் எழுதுகிற பாஷைதான் எனக்குத் தெரியும், அதில்தான் எழுதினேன்.

"படி" என்றார்.

"மேலும் விசாரித்ததில், மேற்படி கன்னியப்பனின் தம்பி சேகர் மார்வலியால் இறந்தார். விண்ணப்பதாரருக்கும் அந்த இறப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். இந்தத் தடவை அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. 'தொடர்பும் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்வது போலக் கையைத் தூக்கினார், அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அந்தக் கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"உனுக்கு இன்னா வோணும்?"

ஏகாம்பரம் கடையைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஷாம்பு பாக்கெட்டுகள், பீடிக்கட்டு, வாழைப்பழம், சோடா, எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.